கொஞ்சம் பின்னால போங்க

பரசுராமன் மெட்ராஸில் ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனியில் இருந்தான். அட்டையில் கட்டம் போட்டு, பகடை உருட்டி, காய் நகர்த்தி விளையாடுகிற ஆட்டங்களைப் புதிது புதிதாக யோசித்துக் கொடுப்பது அவன் வேலை. இதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க அவனால் முடிந்ததில்லை. "ஆட்டம் கட்றேன்" என்றால், "எந்தப் படத்துல?" என்று கேட்டார்கள். "விளையாட்டு டிசைன் பண்றேன்" என்றால், "எந்த ஸ்கூல்ல டிரில் மாஸ்டர்?" என்றார்கள்.

1984ஆம் வருஷத் தொடக்கத்தில் அவன் பெயர் கம்பெனியில் கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. முந்தின வருஷம் 'ரேஷன் கடை' என்று ஓர் ஆட்டம் செய்திருந்தான். பகடை உருட்டி வரிசையில் முன்னேற வேண்டும். முதலில் கவுன்டரைத் தொடுகிறவன் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். பெரும்பாலான சீட்டுகளில் 'ஸ்டாக் இல்லை' என்று இருந்தது. வாழ்க்கை அப்படித்தானே இருக்கிறது என்பது பரசுராமனின் எண்ணம். பிள்ளைகள் அழுதார்கள். பெற்றவர்கள் கடைக்காரரிடம் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"தெருவுல படற அவஸ்தைய டப்பாவுல போட்டு வித்தா எவன்யா வாங்குவான்?" என்றார் முதலாளி ஜம்புலிங்கம். "பாம்பும் ஏணியும் மாதிரி ஜனங்களுக்குப் பிடிக்கணும். ஆனா பாம்பு வேணாம், ஏணியும் வேணாம். அதை எல்லாரும் போட்டுட்டாங்க."

பரசுராமனுக்கு உடனே திருவண்ணாமலை நினைவுக்கு வந்தது. அவனுடைய அக்கா சந்திரம்மாளை அங்கே மலை சுற்றுகிற பாதையிலிருக்கும் அடி அண்ணாமலையில் கொடுத்திருந்தது. கோயிலில் கிளம்பி மலையைச் சுற்றிக் கோயிலுக்கே வந்து சேருகிற பாதை. வழி நெடுக லிங்கங்கள், குளங்கள், கடைகள். யாரோ ஏற்கெனவே போட்டுவைத்த ஆட்டம் மாதிரியே இருந்தது. இவன் கட்டம் பிரித்தால் போதும். ஓவியர் பார்த்து வரைவதற்குப் போட்டோக்கள் வேண்டுமென்று சொல்லி, பத்து நாள் லீவும் வாங்கிக்கொண்டான்.

லீவு கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய ஒரு கேமரா அவனிடம் இருந்தது. எப்போது விடுமுறை கிடைத்தாலும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். செஞ்சி, தரங்கம்பாடி, ஹம்பி என்று சுற்றியிருக்கிறான். மனிதர்களை அவரவர் போக்கில், இயல்பாக, படம் பிடிக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. ஆனால் கேமராவைக் கண்டதும் எந்த ஊரிலும் மனிதர்கள் இயல்பாக இருப்பதில்லை. நடந்து வருகிறவர் நின்றுவிடுவார். சட்டைப் பொத்தானைப் போடுவார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மின்கம்பம் மாதிரி விறைப்பார். பரசுராமன் விடமாட்டான். "நடந்து வாங்க, சும்மா நடந்து வாங்க" என்பான். அவர் நடந்து வந்தால் மிகவும் கிட்டே வந்துவிடுவார், பின்னாலிருக்கிற கோட்டையோ கடலோ மறைந்துபோகும். உடனே, "கொஞ்சம் பின்னால போங்க" என்பான். அவர் பின்னால் போவார். "இன்னும் கொஞ்சம்." இப்படிப் போய்ச் செஞ்சியில் ஒருவர் அகழிக்குள் இறங்கியிருக்கிறார்.

அடி அண்ணாமலைக்கு வந்த அன்றே வேலையை ஆரம்பித்தான். வெயில் ஏறுவதற்குள் பாதையில் இறங்கி, பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தினான். மாட்டை ஓட்டிப் போனவர், புல்லுக்கட்டுக்காரி, பள்ளிக்கூடத்து டீச்சர், டீக்கடை காசி, இட்லிக்கடை தங்கம்மாள் என்று ஒருவரையும் விடவில்லை. ரமணாசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரர் எதிரே வந்து, இவனைப் படம் எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டார். பரசுராமன் தலையாட்டினான். பொத்தானைப் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றான். வெள்ளைக்காரர் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான்.

சாயங்காலம் அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய அட்டையை விரித்து, பென்சிலால் கட்டம் போட ஆரம்பித்தான். அக்கா புருஷன் அப்பாதுரை நிலத்திலிருந்து வந்து, கால் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதுல ஜெயிச்சா இன்னா குடுப்பாங்க மாப்ள?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க மாமா. ஜெயிச்சதுதான்."

"தோத்தா?"

"தோத்தா ஒண்ணும் இல்ல."

அப்பாதுரை வெகுநேரம் அட்டையைப் பார்த்தார். "அப்ப இன்னாத்துக்கு உருட்டணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் தன் தொழிலே சுலபமாகிவிடும் என்று பரசுராமன் நினைத்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஆட்டத்தின் உயிர் கெட்ட கட்டத்தில் இருக்கிறது. நல்ல கட்டத்தில் விழுந்தவன் சந்தோஷப்பட்டுவிட்டு மறந்துவிடுவான். கெட்ட கட்டத்தில் விழுந்தவன்தான் 'ஐயோ' என்று தலையில் கைவைப்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள், அவனே "மறுபடி ஒரு ஆட்டம்" என்பான். ரேஷன் கடை ஆட்டத்தில் அவன் செய்த தப்பு, யாருமே சிரிக்க முடியாத 'ஐயோ'வைப் போட்டதுதான்.

எமலிங்கத்துக் கட்டத்தில், 'மறுபடி முதலிலிருந்து தொடங்கு' என்று எழுதினான்.

காபி கொண்டுவந்த சந்திரம்மாள் அதைப் படித்துவிட்டாள். "ஏன்டா, சாமியாண்ட வந்தவன திருப்பி அனுப்புவியா? கை வெளங்குமா உனக்கு? அழிடா அதை."

"அக்கா, எங்கயாவது ஒரு எடத்துல திருப்பி அனுப்பித்தான் ஆகணும்."

"வேற எங்கனா அனுப்பு. சாமியாண்ட அனுப்பாத. எட்டு லிங்கமும் நல்லதுதான் பண்ணும். எழுதிக்கோ."

அழித்தான். சாமி கட்டங்களெல்லாம் நல்ல கட்டங்களாயின. மிச்சம் இருந்தது மனிதர்கள்தான். கொஞ்சம் யோசித்து, 'காசி கடையில் டீ ஆறிப்போயிற்று. இரண்டு கட்டம் பின்னால் போ' என்றும், 'சடையன் கடை வாடகை சைக்கிள் பஞ்சர். மூன்று கட்டம் பின்னால் போ' என்றும் எழுதினான். அப்பாதுரை இரண்டையும் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விடிந்ததும் நேரே காசி கடைக்குப் போய் அதைச் சொல்லியும்விட்டார்.

பரசுராமன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது காசி வாசலில் நின்றார். கையில் டீ கிளாஸ்.

"சார், தொட்டுப் பாருங்க."

"என்னங்க?"

"கிளாஸ தொட்டுப் பாருங்க. கடையில இருந்து நடந்தே வரேன். ஆறிக்கிதா?"

தொட்டான். விரல் சுட்டது. "இல்லீங்க."

"அப்புறம் எப்படி சார் எழுதுவீங்க? மெட்ராஸ்ல, டில்லியில எல்லாம் இதை வெச்சு வெளையாடுவான். காசி கடை டீ ஆறிப்போச்சுன்னு இந்தியாவே பேசும்."

அவர் பின்னாலேயே சைக்கிள் கடைச் சடையன் வந்தார். "டீ ஆறுறது நெஜம் சார், அதை வுட்டுடுங்க. ஆனா என் சைக்கிள் பஞ்சர் ஆவுமா? டயரு புதுசு சார்!"

"எவன் கடை டீ ஆறுது?" என்று காசி அவர் பக்கம் திரும்பினார்.

இரண்டு பேரையும் சமாதானப்படுத்துவதற்குள் டீ நிஜமாகவே ஆறிப்போயிற்று. கடைசியில் பரசுராமன் எழுதியதை மாற்றினான். காசி கடையில் டீ குடித்தால் பத்துக் கட்டம் முன்னால் போகலாம். சடையன் கடையில் சைக்கிள் எடுத்தால் பதினைந்து. இதைக் கேட்டு அப்பாதுரைக்கும் ஆசை வந்துவிட்டது. "என் கெணத்துல ஒரு முழுக்குப் போட்டா நேரா கோபுரத்தாண்ட வந்துடலாம்னு போடு மாப்ள. சொந்தத்துக்குன்னு இது கூடப் பண்ண மாட்டியா?" என்றார். அதையும் போட்டான்.

அன்று மத்தியானம் அக்காவும் மாமாவும் அவனும் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தார்கள். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. மூன்று பேருமே ஜெயித்தமாதிரி இருந்தது. யாருக்கும் எதுவும் நடந்தமாதிரி இல்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் சந்திரம்மாள், தம்பி முகத்தைப் பார்த்து. பிறகு பாலை இறக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தங்கம்மாள் வந்தாள். ஊர்க் கோயிலுக்குப் பக்கத்தில் கீற்றுப்பந்தல் போட்டு இட்லி விற்கிறவள். பேச்சில் அவளை ஜெயித்தவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. அவள் கடையைப் பரசுராமன் எந்தக் கட்டத்திலும் போடவில்லை. பயம்தான் காரணம்.

"ஏன் தம்பி, என் கடைய மட்டும் வுட்டுட்டியாமே?"

"இல்லம்மா, போட்டுடறேன். எத்தினி கட்டம் முன்னால போகணும், சொல்லுங்க."

"முன்னாலயா? என் கடைய தாண்டி ஓடறவன் எனக்கு இன்னாத்துக்கு? 'ஒரு ஆட்டம் நில்லு'ன்னு போடு. நின்னாத்தானே துன்னுவான்."

பரசுராமன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். ஒரு கெட்ட கட்டத்தை ஒருவர் தானாக வந்து கேட்டு வாங்கிப் போவதை அவன் தொழிலில் கண்டதில்லை. சந்தோஷமாக எழுதிக் கொடுத்தான்.

சந்தோஷம் மத்தியானம் வரை இருந்தது. தங்கம்மாள் கேட்ட நியாயம் அதற்குள் பாதை முழுக்கப் பரவிவிட்டது. காசி ஓடிவந்து, "பத்துக் கட்டத்த அழிச்சுடுங்க சார், என் கடையில ரெண்டு ஆட்டம் நிக்கட்டும்" என்றார். சடையன் மூன்று ஆட்டம் கேட்டார். "நேத்து பஞ்சரே ஆகாதுன்னீங்களே?" என்றான் பரசுராமன். "ஆவாது சார். ஆனா ஆச்சுன்னா ஒட்ட நேரம் புடிக்குமில்ல?" என்றார் சடையன். வெள்ளரிக்காய்க்காரி, மல்லாட்டை என்று கூவி அவித்த வேர்க்கடலை விற்கிறவர், செருப்புக்குக் காவல் இருக்கிறவர் என்று எல்லோரும் வந்து ஆளுக்கொரு நிறுத்தம் வாங்கிப் போனார்கள். மறுத்தால் அக்காவுக்கு ஊரில் சங்கடம் வரும் என்று பரசுராமன் எல்லோருக்கும் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வராந்தாவில் ஆட்டத்தை ஆடிப் பார்க்க ஏற்பாடாயிற்று. பொன்னி டீச்சர் கேட்டைத் திறந்து விட்டாள். டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். ஆட்டத்தைப் பார்ப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தாள். காசி, சடையன், அப்பாதுரை, தங்கம்மாள் நாலு பேரும் அட்டையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பின்னால் கூட்டம் நின்றது.

முதல் சுற்றிலேயே காசியின் காய் போய்ச் சடையன் கடையில் விழுந்தது. மூன்று ஆட்டம் நிற்க வேண்டும்.

"இவன் கடையில நான் இன்னாத்துக்கு குந்திகினு கெடக்கணும்?" என்றார் காசி. "ஒரு டீ கூடக் கெடைக்காத எடம்."

"உன் டீக்கு அதுவே மேலு," என்றார் சடையன். அடுத்த உருட்டில் அவர் காய் வெள்ளரிக்காய்க்காரியிடம் மாட்டிக்கொண்டது. அப்பாதுரை காசி கடையில் இரண்டு ஆட்டம் நின்றார். அந்த இரண்டு ஆட்டத்துக்குள் சுவரில் சாய்ந்து நிஜமாகவே தூங்கிப்போனார். தங்கம்மாள் உருட்டினாள், செருப்புக் காவல்காரரிடம் விழுந்தாள். இப்போது அட்டையில் நகரக்கூடிய காய் ஒன்றுகூட இல்லை. ஒரு நிறுத்தம் தீர்ந்து நகர்ந்தால் அடுத்த கடை பிடித்துக்கொண்டது. மற்ற மூன்று பேரும் பகடையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பரசுராமனுக்கு அழுகை வரும்போல இருந்தது. முதலில் ஓடிய ஆட்டம், இப்போது நின்ற ஆட்டம். இரண்டிலும் 'ஐயோ' இல்லை.

"எல்லாரும் கேளுங்க," என்றான். "எனக்கு ஒரு கட்டம் வேணும். அதுல விழுந்தா யாருக்குமே பிடிக்கக் கூடாது. பார்க்கிறவங்களுக்குச் சிரிப்பு வரணும். ஆனா அது ஊர்ல யாரையும் குறை சொல்லக் கூடாது. மலை சுத்தறப்ப அந்த மாதிரி ஒரு தொல்லை ஏதாவது உண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

காசி சடையனைப் பார்த்தார். சடையன் தங்கம்மாளைப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் பரசுராமனைப் பார்த்தார்கள். சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே சார்?" என்றாள் பொன்னி டீச்சர்.

"சொல்லுங்க டீச்சர்."

"ஒருத்தர் கேமரா வெச்சுகினு ரோட்ல நிக்கறாரு சார். அவராலதான் ரெண்டு நாளா நான் பஸ்ஸ விட்டேன். பின்னாடி ஆடு வர வரைக்கும் நில்லுங்கன்னாரு. ஆடு வந்துச்சு, பஸ் போயிடுச்சு."

அவ்வளவுதான், அடைத்துக்கொண்டிருந்த மதகு திறந்துகொண்டது.

"என்னைய இட்லி எடுக்கறா மாதிரியே நிக்கச் சொன்னியே தம்பி, அடியில தண்ணி சுண்டி பானை கருகிப்போச்சு," என்றாள் தங்கம்மாள்.

"என் கடையில டீ ஆறினது ஒரே ஒரு தபா சார்," என்றார் காசி. "கிளாஸ தூக்கிப் புடிச்சுகினு நில்லுங்கன்னு சொன்னீங்களே, அன்னிக்கு."

சடையன் எழுந்து நின்றே சொன்னார்: "கொஞ்சம் பின்னால போங்க, கொஞ்சம் பின்னால போங்கன்னு சொல்லிக்கினே இருந்தீங்க. நானும் போனேன். சாணிக் குழி சார் அது."

தூங்கிக்கொண்டிருந்த அப்பாதுரைகூட இந்தச் சிரிப்பில் விழித்துக்கொண்டார். விஷயம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "மாட்டையே பின்னால போகச் சொன்னான்பா. மாடு எங்கயாவது பின்னால போவுமா?" என்றார்.

பரசுராமன் சிரிக்க முயன்றான், வரவில்லை. பொன்னி டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனான். தன்னைக் கண்டதும் ஜனங்கள் நின்றது படம் எடுத்துக்கொள்ளும் ஆசையில் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தான். அவர்கள் நின்றது மரியாதைக்காக. செஞ்சியில் அகழிக்குள் இறங்கியவரும் மரியாதைக்காகத்தான் இறங்கியிருப்பார். மாமாவின் கிணற்றடியில் உட்கார்ந்து, ஹம்பியிலும் தரங்கம்பாடியிலும் நிறுத்திவைத்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான்.

பம்ப் செட்டுத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது திடீரென்று அவன் கை நின்றது. கொஞ்சம் பின்னால போங்க. நாள்கணக்காக அவன் தேடிய வரி, 'பின்னால் போ.' அதைத்தான் அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

ஈரக் கையோடு ஓடினான். நிறுத்தங்களில் தங்கம்மாளுடையதை மட்டும் வைத்துக்கொண்டான். முதலில் கேட்டவள் அவள். காசி கடையில் டீ குடித்தால் இன்னொரு முறை உருட்டலாம் என்று மாற்றினான். சடையன் சைக்கிளை முன்னால் ஓடவிட்டான். பிறகு பாதையில் ஏழு இடங்களில் ஓர் ஆளை வரைந்தான்: நீளமான மூக்கு, தோளில் பை, ஒரு கண்ணை மூடிக் கேமராவைப் பிடித்திருக்கிறான். கீழே எழுதினான்: 'போட்டோக்காரர் பார்த்துவிட்டார்! "கொஞ்சம் பின்னால போங்க." ஐந்து கட்டம் பின்னால் போ.' கோபுரத்துக்கு முந்தின கட்டத்தில் அவர்களில் ஒருவரை நிறுத்தி, அங்கே 'பதினைந்து கட்டம்' என்று போட்டான்.

சாயங்காலம் திரும்பவும் ஆடினார்கள். காசியின் காய் முதல் போட்டோக்காரரிடம் விழுந்ததும் வராந்தாவே, "கொஞ்சம் பின்னால போங்க!" என்று ஒரே குரலில் கத்தியது. காசி தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே சிரித்தார். சடையன் கோபுரத்துக்கு ஒரு கட்டம் இருக்கையில் மாட்டினார், "ஐயோ சார், வுடுங்க சார்!" என்று அட்டையைப் பார்த்தே கெஞ்சினார். தங்கம்மாள் ஜெயித்தாள். தோற்ற மூன்று பேரும் மறுபடி உருட்ட வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார்கள். விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது, கடைசி பஸ் போய்விடும் என்று பொன்னி டீச்சர் சொல்லி எல்லோரையும் எழுப்பினாள்.

"இப்ப தெரியுதா மாமா, எதுக்கு உருட்டணும்னு?" என்று வழியில் கேட்டான் பரசுராமன்.

"தெரியல," என்றார் அப்பாதுரை. "ஆனா நாளைக்கு உருட்டலாம்."

மெட்ராஸில் ஓவியர் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஊரே ஜனகணமன பாடிட்டு நிக்குது?" என்றார். ஒரு படத்திலும் ஒருவரும் அசையவில்லை. அவர்களை நடக்கவிடும் பொறுப்பை ஓவியர் எடுத்துக்கொண்டார். ஜம்புலிங்கம் கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். அடுத்தடுத்து இரண்டு போட்டோக்காரர்களிடம் மாட்டி, "யாருய்யா இந்தப் படுபாவி?" என்று கத்தினார்.

"நான்தான் சார்," என்றான் பரசுராமன்.

முதலாளி அட்டையிலிருந்த மூக்கைப் பார்த்தார். இவன் மூக்கைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஆட்டத்தை அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

'மலை சுற்றலாம் வாங்க' என்ற பெயரில் கோடை விடுமுறைக்கு அது வெளியாயிற்று. ஓகோ என்று சொல்ல முடியாது. ஆனால் யாரும் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

கார்த்திகைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பரசுராமன் அக்காவைப் பார்க்கப் போனான். கேமரா இருந்தது, பைக்குள் இருந்தது. தங்கம்மாள் கடைப் பந்தல் இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. உள்ளே தர்மபுரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு நடுவில் அவனுடைய அட்டை விரித்துக் கிடந்தது. அட்டையில் விழுகிறபடியே நிஜப் பாதையிலும் நடப்பது என்று பிள்ளைகள் சபதம் செய்திருந்தார்களாம். காலையிலிருந்து அந்த அப்பாவைக் காசி கடைக்கு மூன்று தடவை திருப்பி அனுப்பியாயிற்று. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் தளர்ச்சி தெரிந்தது, வருத்தம் தெரியவில்லை. பெரிய பெண் எண்ணிப் பார்த்து, "எழுந்திரிங்கப்பா, ஒரு ஆட்டம் முடிஞ்சுபோச்சு," என்று அவரைக் கிளப்பினாள். பாதி இட்லியை இலையில் விட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள்.

பரசுராமன் அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் ஆட்டம் ஒரு குடும்பத்தை வெயிலில் முன்னும் பின்னும் நடக்கவைக்கிறதே என்று பெருமையும் கலவரமும் சேர்ந்து வந்தன. தங்கம்மாள் அவனைக் கண்டதும் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தே தம்பி. அந்த அட்டைய மாத்திப் போடறதுன்னா ஒண்ணு பண்ணு. என் கடையாண்ட ரெண்டு ஆட்டம்னு போட்டுடு."

"ஏம்மா, நீங்கதானே ஒண்ணு போதும்னு சொன்னீங்க?"

"அப்ப இட்லி மட்டுந்தான் போட்டுகினு இருந்தேன். இப்ப தோசையும் போடறேன். ஒரு ஆட்டத்துல தோசை வேவுமா, நீயே சொல்லு."